பழைய பீங்கான் பொம்மைகளும் சிலைகளும்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பீங்கான் பொம்மை ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் காரியம், அதைத் திருப்பிப் பின்கழுத்திலோ அடியிலோ முத்திரை தேடுவது. முத்திரை கண்ணில் பட்டதும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஏமாறும் இடம் அதுதான். ஒரு பொருளில் மிக எளிதாகப் போலி செய்யக்கூடியது முத்திரை. இரண்டு நீலக் கோடுகளைக் குறுக்காக இழுக்கவும் ஒரு நங்கூரம் வரையவும் யாராலும் முடியும். மண்ணின் தன்மை, எடை, வண்ணம் படிந்திருக்கும் விதம், உள்பக்கம், நீண்ட காலம் கைபட்டதால் உண்டான தேய்மானம் ஆகிய அனைத்தையும் ஒருசேரப் போலி செய்வது மிகக் கடினம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒழுங்கைத்தான் வலியுறுத்துகிறேன்: முதலில் பொருளைப் பாருங்கள், முத்திரையைக் கடைசியில் பாருங்கள்.

முதல் படி: எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கினால் அலமாரி நிறையும், அறிவு வளராது. ஒரு வகையை எடுத்துக்கொண்டு அதில் பலவற்றைப் பார்த்தால்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பழகும்.

தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது 1890 முதல் 1930 வரை ஜெர்மனியில் செய்யப்பட்ட, மெருகு எனப்படும் கண்ணாடி போன்ற பூச்சு இடாத பீங்கான் தலை கொண்ட பொம்மைகள். துரிங்கியா வட்டாரத்தில் சோன்னெபெர்க், வால்டர்ஸ்ஹௌசன், ஓர்ட்ருஃப் போன்ற ஊர்களைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகள் இவற்றை ஏராளமாகச் செய்து ஏற்றுமதி செய்தன. எண்ணிக்கை அதிகம் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பும் அதிகம். தலையின் பின்புறம், எந்த அச்சில் வார்த்தது என்று காட்டும் அச்சு எண் இருப்பதால் அடையாளம் காண்பதும் எளிது. ஆர்மாண்ட் மார்சே நிறுவனத்தின் 390 என்ற அச்சு எண்ணை நீங்கள் திரும்பத் திரும்பச் சந்திப்பீர்கள். அது மலிவானது, அழகானது, கற்றுக்கொள்ள உகந்தது.

இடம் குறைவாக உள்ளவர்களுக்கு, தலை முதல் கால் வரை முழுவதும் பீங்கானால் ஆன சிறிய பொம்மைகள் பொருத்தமானவை. கைகால் அசையாமல் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்ட 'ஃப்ரோஸன் சார்லட்' பொம்மைகள் சில ஒரு விரல் நீளம்கூட இருக்காது. இடுப்புக்கு மேல் மட்டும் உருவம் கொண்டு, ஊசி குத்தும் மெத்தையிலோ தேநீர்க் கெண்டியின் உறையிலோ தைத்து வைப்பதற்காக அடியில் துளைகள் இட்ட அரைப் பொம்மைகள் தனி உலகம். சிலைகள் பக்கம் போனால் ஜெர்மனியின் மைசன், இங்கிலாந்தின் செல்சி, டெர்பி, சீனத்தின் தெஹுவா வெள்ளைப் பீங்கான், 1913 முதல் எச்.என். என்ற எழுத்துகளோடு எண்ணிடப்பட்ட ராயல் டௌல்டன் உருவங்கள் என்று பிரிவுகள் நீள்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு மைசன் சிலையில் மட்டும் முதல் அடியை வைக்காதீர்கள். அதில் அசலும் நகலும் இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பின்னிக் கிடக்கின்றன.

வாங்கும் முன் பார்க்க வேண்டும். டிரெஸ்டனில் ஸ்விங்கர் அரண்மனையில் உள்ள பீங்கான் தொகுப்பு, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம், சோன்னெபெர்கில் 1901இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம், அமெரிக்காவில் ராசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் ஆகியவற்றின் தொகுப்புகளில் ஒரு பகுதியை இணையத்திலும் காணலாம். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் உள்ள பொருள் கைக்குப் பாடம் சொல்லாது. ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முன்பு பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் நாள்கள்தான் சிறந்த பள்ளிக்கூடம். அங்கே கேட்டால் கையில் எடுத்துப் பார்க்கவும் அனுமதிப்பார்கள். எதையும் வாங்காமல் இப்படிப் பல பார்வை நாள்களுக்குப் போய்வருவது நேர விரயம் அன்று.

இரண்டாம் படி: மண்ணை அறியுங்கள்

கயோலின் என்ற வெண்களிமண்ணையும் ஃபெல்ட்ஸ்பார் கலந்த கல்தூளையும் சேர்த்து, ஏறத்தாழ 1300 முதல் 1400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கிடைப்பது கடினப் பீங்கான். சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவந்த இதன் சூட்சுமம் ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியை ஆண்ட அகஸ்டஸின் காவலில் இருந்த ரசவாதி பாட்கர், அறிஞர் ஷிர்ன்ஹவுஸுடன் சேர்ந்து 1708 வாக்கில் அதைக் கண்டறிந்தார். 1710இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. ரகசியம் கிடைக்காத மற்ற ஊர்க்காரர்கள் கண்ணாடித் தூள் போன்றவற்றைக் களிமண்ணில் கலந்து, குறைந்த வெப்பத்தில் சுட்டு மென்பீங்கான் செய்தார்கள். இங்கிலாந்தின் செல்சி சிலைகள் அந்த வகை. எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா பின்னர் இங்கிலாந்தில் நிலைபெற்றது.

இந்த வரலாறு பரிசோதனைக்கு நேரடியாகப் பயன்படுகிறது. கடினப் பீங்கான் உடைந்த இடம் கண்ணாடி போல் மழமழப்பாக இருக்கும். மென்பீங்கான் உடைந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். கடினப் பீங்கானில் வண்ணம் மெருகின் மேல் தனியாக நிற்கும். மென்பீங்கானில் மெருகுக்குள் சற்று அமிழ்ந்து கலந்திருக்கும். செல்சி என்று சொல்லப்படும் சிலை கடினப் பீங்கானாக இருந்தால், முத்திரை என்ன சொன்னாலும் அது செல்சி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டாஃபர்ட்ஷயரில் செய்யப்பட்ட, பின்புறம் தட்டையான சிலைகள் பெரும்பாலும் பீங்கானே அல்ல; மெருகிட்ட மண்பாண்ட வகை. அவற்றையும் சேகரிக்கலாம், ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பொம்மைத் தலைகளில் மூன்று வகை உண்டு. பளபளக்கும் மெருகு இட்டவை சைனா தலைகள். 1840களிலிருந்து பெருமளவில் வந்தன. முடியும் பெரும்பாலும் வார்ப்பிலேயே வந்து, கறுப்பு வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். மெருகும் தோல் நிறமும் இல்லாத தூய வெள்ளைத் தலைகளைப் பேரியன் என்பார்கள். மெருகில்லாமல், தோல் நிறம் ஏற்றி, கன்னச் சிவப்பும் புருவமும் தீட்டி மறுபடி சுட்டவை பிஸ்க். ஜூமோ, புரூ போன்ற பிரெஞ்சு நிறுவனங்களும் கெஸ்ட்னர், சைமன் அண்ட் ஹால்பிக் போன்ற ஜெர்மன் நிறுவனங்களும் புகழ்பெற்றது இந்த பிஸ்க் தலைகளால்தான்.

மூன்றாம் படி: ஒரு பொம்மைத் தலையைப் படிப்பது

ஒரு பிஸ்க் தலை உங்கள் முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசையில் தடித்த துணியை விரியுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். வெண்மையான ஒளி தரும் சிறு டார்ச்சும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும்.

முதலில் முகம். கன்னச் சிவப்பு படிப்படியாகக் கரைந்து தோலோடு சேர்கிறதா, வட்டமாகத் திட்டு விழுந்து நிற்கிறதா? புருவத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். நல்ல தலைகளில் ஒவ்வொரு முடியும் தனித்தனித் தூரிகைக் கோடாக, ஒரு முனையில் மெலிந்து முடியும். ஒரே இழுப்பில் போட்ட பழுப்புப் பட்டை மலிவான பிற்கால வேலை. விரல் நுனியால் கன்னத்தை வருடினால் பழைய பிஸ்க் பட்டுப்போல இருக்க வேண்டும். ஆங்காங்கே மிகச் சிறிய கறும்புள்ளிகள் தென்படலாம். அவை சூளையிலேயே விழுந்த தூசு. பழமைக்கு இயல்பானவை, குறையாகக் கருத வேண்டியதில்லை.

வண்ணம் நெருப்பில் சுட்டதா என்பது அடுத்த கேள்வி. சுட்ட வண்ணம் ஈரப் பஞ்சில் ஒட்டாது. விற்பவரின் அனுமதியோடு காதின் பின்புறம் ஈரப் பஞ்சால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இரண்டில் ஒன்று: 1920, 30களில் செலவைக் குறைக்கச் சுடாமலே வண்ணம் பூசிய தலை, அல்லது உடைசலை மறைக்கப் பின்னர் பூசிய பூச்சு. இரண்டுக்கும் விலை வேறு.

வாய் காலம் சொல்லும். மூடிய வாய் கொண்ட தலைகள் பொதுவாக முந்தியவை. திறந்த வாயும் சிறு பற்களும் 1890 வாக்கில் பரவின. அன்று புதுமை என்று கருதப்பட்டது திறந்த வாய்; இன்றைய சந்தையில் மூடிய வாய்க்குத்தான் மதிப்பு அதிகம். பிரெஞ்சுப் பொம்மைகளின் கண்ணாடிக் கண்களில் கருவிழி ஆழமாக, உள்ளே நூலோடியதுபோலத் தெரியும். படுக்க வைத்தால் மூடும் கண்களுக்குப் பின்னால் ஈயக் குண்டு இருக்கும். கண்குழியின் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்பதைத் தவறாமல் பாருங்கள். கண்ணை மாற்றியவர்கள் சேதம் செய்யும் இடம் அது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது: உள்பக்கம். பொய்முடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பழைய பசை இறுகியிருந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் தலை விளிம்பில் பீங்கான் செதில் செதிலாகப் பெயரும். முடி தானாக வந்தால், தலையின் திறப்பை மூடியிருக்கும் தகட்டைக் கவனியுங்கள். தக்கை என்றால் பிரெஞ்சுப் பழக்கம். சுண்ணச்சாந்து என்றால் கெஸ்ட்னர் பக்கம் நினைவு போகட்டும். அட்டை என்றால் பல ஜெர்மன் நிறுவனங்கள். தகடும் திறக்குமானால் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை உள்ளே செலுத்துங்கள். பிஸ்க் ஒளியை ஊடுருவ விடும். முகம் முழுவதும் மென்மையாக ஒளிரும். மயிரிழைக் கீறல் இருந்தால் அந்த ஒளியில் கறுப்புக் கோடாகத் தனித்து நிற்கும். ஒட்டி, நிரப்பி, பூசி மறைத்த பகுதி இருண்ட திட்டாகத் தெரியும். நெற்றி விளிம்பிலிருந்து கீழிறங்கும் கோடு, காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பும் கோடு, கழுத்துக்குழியின் ஓரம் ஆகிய மூன்றையும் இரண்டு முறை பாருங்கள். சூளையிலேயே விழுந்த கோட்டின் ஓரங்கள் உருகி மழுங்கியிருக்கும். பின்னாளில் விழுந்த கீறலில் அழுக்கு ஏறியிருக்கும், நகம் இடறும்.

தலையைத் திறக்க விற்பவர் மறுத்தால், அதில் கீறல் உண்டு என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

நகல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அசல் தலையிலிருந்தே அச்சு எடுத்துப் புதிய தலை வார்ப்பது இருபதாம் நூற்றாண்டில் பரவலான கைவேலையானது. வார்த்தவர்களில் பெரும்பாலோர் நேர்மையாகத் தம் பெயரையும் ஆண்டையும் பொறித்தார்கள். கைமாறியபின் சிலர் அதைத் தேய்த்து அழித்தார்கள். பின்கழுத்தில் உராய்ந்து தட்டையான இடம் இருந்தால் எச்சரிக்கை. இன்னொரு உறுதியான சோதனை அளவு. பீங்கான் களிமண் சுடும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும். ஆகவே அசலிலிருந்து அச்சு எடுத்த நகல், அதே எண் கொண்ட அசலைவிடச் சிறியதாக இருக்கும். தலைச் சுற்றளவை நூல் வைத்து அளந்து, அதே அச்சு எண்ணும் அளவு எண்ணும் கொண்ட அசல்களின் பதிவான அளவோடு ஒப்பிடுங்கள். காதும் உதடும் கூர்மை குறைந்து மழுங்கியிருப்பதும் நகலின் அடையாளம்.

நான்காம் படி: உடலும் உடையும்

தலைக்கு உள்ள கவனத்தில் பாதிகூட உடலுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பொருந்தாத உடல் மதிப்பை வெகுவாகக் குறைக்கும். தோளோடு சேர்ந்த தலைக்கு, மரத்தூள் அடைத்த துணியுடலோ ஆட்டுத்தோல் உடலோ இருக்கும். கழுத்துக்குழியில் சுழலும் தலைக்கு, காகிதக்கூழும் மரத்தூளும் பசையும் கலந்து செய்த, உருண்டை மூட்டுகள் கொண்ட உடல் இருக்கும். தலையும் உடலும் ஒரே விகிதத்தில் இருக்கின்றனவா, தோல் நிறம் ஒத்துப்போகிறதா, கழுத்து குழியில் சரியாக அமர்கிறதா என்று பாருங்கள். விரல்கள் உடைந்திருப்பது சாதாரணம். உடல் முழுவதும் புதுப் பூச்சாக மின்னினால் அது பின்னாளில் பூசியது. மங்கிய பழைய பூச்சு எவ்வளவு விரிசல் கண்டிருந்தாலும் அதுவே மேல்.

பழைய உடை, காலணி, உள்ளாடை எல்லாம் அதே காலத்தவை என்றால் அவற்றைப் பிரிக்காதீர்கள், துவைக்காதீர்கள். கிழிந்த பழைய பட்டு, புதிதாகத் தைத்த அழகான கவுனைவிட அந்தப் பொம்மைக்கு உரியது. கண்ணுக்கு உறுத்தினால் கழற்றி, அமிலமற்ற காகிதத்தில் சுற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறு உடை அணிவியுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு சிலையைப் படிப்பது

சிலையை ஒருபோதும் கையையோ தலையையோ பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை அடிப்பீடத்தில், மற்றொரு கை உடலைத் தாங்கியபடி இருக்கட்டும். துணிக் கையுறை வேண்டாம், மெருகில் வழுக்கும். கழுவி உலர்த்திய வெறுங்கை போதும்.

மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல, தாங்கிய நிலையில் அடிப்பீடத்தை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுமையான பீங்கான் கணீரென்று ஒலிக்கும். விரிசலோ ஒட்டோ இருந்தால் ஓசை மந்தமாகும். பிறகு விரல் நுனியால் உடைசலுக்கு வாய்ப்புள்ள இடங்களை வரிசையாக வருடுங்கள்: கழுத்து, மணிக்கட்டு, விரல்கள், தொப்பியின் விளிம்பு, பூவிதழ், கைத்தடி, விலங்கின் காது. பழுது பார்த்த இடம் பீங்கானின் குளிர்ச்சி இல்லாமல் சற்று வெதுவெதுப்பாகவும் மென்மையாகவும் படும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், ஒட்டுப்பசையும் மேற்பூச்சும் சுற்றியுள்ள பகுதியிலிருந்து வேறுபட்ட நிறத்தில் ஒளிரும். இன்றைய பழுதுபொருள்கள் சில அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. எனவே விளக்கை மட்டும் நம்பாமல் விரலையும் நம்புங்கள்.

இனி வடிவம். மைசனில் 1731இல் சேர்ந்து 1775இல் இறக்கும் வரை பணியாற்றிய யோகான் யோவாகிம் கெண்ட்லர்தான் ஐரோப்பியப் பீங்கான் சிலைக்கு இலக்கணம் வகுத்தவர். அரச விருந்து மேசைகளை அலங்கரிக்க அவரும் அவரது குழுவினரும் செய்த நாடகப் பாத்திரங்கள், பறவைகள், இசைக்கருவி வாசிக்கும் குரங்குக் கூட்டம் ஆகியவை இன்றுவரை நகலெடுக்கப்படுகின்றன. அசலில் உடல் திருகி நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஓர் அசைவு இருக்கும். நகலில் முன்பக்கம் மட்டும் நன்றாக இருக்கும். அதனால் சிலையின் முதுகைப் பாருங்கள். மடிப்புகள், முடிச்சு, பின்னல் எல்லாம் முன்பக்கத்துக்கு இணையான அக்கறையோடு செய்யப்பட்டிருந்தால் அது நல்ல பட்டறை வேலை.

அடிப்பகுதியில் மெருகில்லாத விளிம்பைக் கவனியுங்கள். பல காலம் மேசையில் நின்ற பொருளில் சிறு கீறல்கள் எல்லாத் திசையிலும் ஒழுங்கற்று ஓடும். ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாளால் தேய்த்துப் பழமை ஏற்றியிருக்கிறார்கள். மேல்பகுதியில் பொன்பூச்சு, கை படும் இடங்களில் மட்டும் தேய்ந்திருப்பது இயல்பு. எங்கும் ஒரே சீராக மங்கியிருப்பது சந்தேகத்துக்குரியது.

லேஸ் உடை அணிந்த நடனப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். உண்மையான நூல் லேஸைக் களிமண் கரைசலில் தோய்த்து உருவத்தில் போர்த்திச் சூளையில் வைப்பார்கள். நூல் எரிந்துபோகும், லேஸின் வடிவம் பீங்கானாக நிற்கும். அது அவ்வளவு மெல்லியது என்பதால் ஓரங்களில் சிறு இழப்பு இல்லாத பழைய லேஸ் சிலை அரிது. கொஞ்சம் உதிர்ந்திருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். பெரிய துளை விழுந்திருந்தால் வேண்டாம்; அதைச் சரிசெய்வது ஏறத்தாழ இயலாத காரியம்.

ஆறாம் படி: இப்போது முத்திரை

இதுவரை பார்த்ததை வைத்து, "இது இன்ன வகை, இன்ன காலம்" என்று மனத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். முத்திரை அதை உறுதிசெய்ய வேண்டும். முரண்பட்டால் தவறு பெரும்பாலும் முத்திரையில்தான்.

மைசனின் குறுக்கு வாள்கள் 1722 வாக்கில் வழக்கத்துக்கு வந்தவை. மெருகுக்கு அடியில் நீலத்தில் கையால் வரையப்பட்டவை என்பதால் இரண்டு வாள்கள் அச்சொத்து இருப்பதில்லை. பிடிகளுக்கு இடையே புள்ளி இருந்தால் 1763 முதல் 1774 வரை. வாள்களுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் 1774 முதல் 1814 வரை என்பது பொது விதி. வாள்களின் குறுக்கே மெருகைக் கீறிய கோடுகள் இருந்தால், தொழிற்சாலை அதை இரண்டாம் தரம் என்று கழித்திருக்கிறது என்று பொருள். சிலைகளில் களிமண்ணில் பொறித்த மாதிரி எண்ணும் சேர்ந்து வரலாம். 'டிரெஸ்டன்' என்ற சொல் மைசனைக் குறிக்காது. டிரெஸ்டன் நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த பல தனியார் பட்டறைகளின் பொருள்கள் அந்தப் பெயரில் விற்பனையாயின.

செல்சியின் நங்கூரம் மிகச் சிறியது. ஒதுக்குப்புறமான இடத்தில் இருக்கும். சிவப்பு நங்கூரம் 1750களின் நடுப்பகுதி, பொன் நங்கூரம் அதற்குப் பின் 1769 வரை. அடிப்பகுதியின் நடுவில் பெரிதாக, பளிச்சென்று பொன் நங்கூரம் இருந்தால் அது நகல் என்றே கொள்ளலாம். பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் மைசன், செல்சி, சீனப் பொருள்கள் எல்லாவற்றையும் கடினப் பீங்கானில் நகலெடுத்தது. வேலை நேர்த்தியானது. இன்று சாம்சனை சாம்சன் என்று தெரிந்தே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். செல்சி விலை கொடுத்து வாங்குவதுதான் நஷ்டம்.

பொம்மைகளில் முத்திரை பின்கழுத்திலோ தோள்தகட்டிலோ இருக்கும். நடுவில் நட்சத்திரத்தோடு கே., ஆர். எழுத்துகள் கெம்மர் அண்ட் ரைன்ஹார்ட் நிறுவனத்தைக் குறிக்கும். அந்தத் தலைகளைப் பெரும்பாலும் வார்த்துக் கொடுத்தது சைமன் அண்ட் ஹால்பிக். உண்மையான குழந்தையின் முகபாவம் கொண்ட கெம்மர் அண்ட் ரைன்ஹார்ட் பொம்மைகள் 1909இல் வெளிவந்தன. மூன்று நாள் சிசுவின் முகத்தைப் பார்த்துச் செய்த 'பை-லோ' பொம்மையில் அதைப் படைத்த கிரேஸ் புட்னமின் பெயர் பொறித்திருக்கும். ஜூமோவின் சிவப்பு முத்திரை மெருகில்லாத பிஸ்கில் அச்சிட்டது. 1899இல் ஜூமோ உள்ளிட்ட பிரெஞ்சு நிறுவனங்கள் ஒன்றிணைந்தபின் அந்தக் கூட்டு நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமான எஸ்.எஃப்.பி.ஜே. என்ற எழுத்துகள் வருகின்றன.

நாட்டின் பெயர் நல்ல துப்பு. அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. 'ஜெர்மனி' என்று இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. பெயர் இல்லாததால் முற்பட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. வேறு நாட்டுக்குப் போன பொருளாகவும், பெட்டியில் மட்டும் ஒட்டிய சீட்டாகவும் இருக்கலாம். ஜப்பானியப் பொருள்களில், அந்நாட்டுக்கு அதன் மொழியில் உள்ள பெயரான 'நிப்பான்' என்று 1921 வரை, பிறகு 'ஜப்பான்'. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952க்குள் செய்தது.

ஏழாம் படி: வாங்குவது

நேரில் பார்க்க முடியாதபோது இந்தப் படங்களைக் கேளுங்கள்: முகம் நேராக, இரண்டு பக்கவாட்டு, பின்கழுத்து முத்திரை, முடியில்லாத தலை விளிம்பு, உள்ளே விளக்கிட்ட முகம், உடை இல்லாத உடல், கைகால் விரல்கள். சிலைக்கு நான்கு பக்கமும் அடியும். பிறகு ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "விரிசல், சில்லு, ஒட்டு, மறுபூச்சு எதுவும் இருக்கிறதா?" "வயதுக்கேற்ற நல்ல நிலை" என்ற பதில் பதிலே இல்லை. நல்ல வியாபாரி குறையைத் தானே சுட்டிக்காட்டுவார்; அப்படிப்பட்டவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதுகூட லாபம்தான்.

விலையை ஒப்பிட, விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். ஏலத்தில் கேட்கும் தொகைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணமும் வரியும் அனுப்பும் செலவும் சேரும். எல்லாம் கூட்டித்தான் உங்கள் உச்சவரம்பை முடிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால், நூறாண்டு கடந்த பொருள்களை வெளியே அனுப்ப அனுமதி தேவைப்படும் நாடுகள் உண்டு என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் அரிய பொம்மையின் உடைந்த பிரதியை வாங்குவதா, சாதாரணப் பொம்மையின் முழுமையான பிரதியை வாங்குவதா? முழுமையானதை வாங்குங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. துரிங்கியாவின் பழைய தொழிற்சாலைகள் கழித்துக் கொட்டிய குழிகளிலிருந்து தோண்டி எடுத்த உடைந்த தலைகளும் கைகளும் மிக மலிவாகக் கிடைக்கின்றன. உடைந்த ஓரம், மண்ணின் தடிமன், உள்பக்கம் எல்லாவற்றையும் அச்சமின்றிக் கையாண்டு பழக இவற்றைவிட நல்ல பாடப்பொருள் இல்லை.

எட்டாம் படி: வைப்பதும் சுத்தம் செய்வதும்

வெயில் படாத, கண்ணாடிக் கதவுள்ள அலமாரி வேண்டும். பீங்கானுக்கு வெயிலால் பெரிய தீங்கில்லை. உடைக்கும் முடிக்கும் தோலுக்கும் அது எமன். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தால் கூழ் உடல்கள் வெடிக்காது. பழைய பிளாஸ்டிக் வகையான செல்லுலாய்டு பொம்மைகளை இவற்றோடு ஒரே மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். சிதையும்போது அவை அமில ஆவியை வெளியிடும். சிலைகள் அதிர்வில் நகராமலிருக்க, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகை அடியில் சிறு உருண்டையாக ஒட்டலாம்.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டுவதே பெரும்பாலும் போதும். மெருகிட்ட, பழுதில்லாத சிலையை மட்டும் காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு மென்சோப்பும் தோய்ந்த பஞ்சால் துடைக்கலாம். தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். பழைய ஒட்டு இளகும், அடித்துளை வழியே உள்ளே புகும் நீர் வெளியேறாது. வெளுப்பான் எதுவும் கூடாது. பிஸ்க் முகத்தை ஈரப் பஞ்சால் துடைக்கும்போது கண், இமை, முடி ஆகியவற்றைத் தொடாதீர்கள். கூழ் உடலில் தண்ணீர் படவே கூடாது.

மூடித் திறக்கும் கண் கொண்ட பொம்மையை நெடுநாள் பெட்டியில் வைப்பதானால் முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். மல்லாந்து கிடந்தால் ஈயக் குண்டின் இழுப்பு கண்ணைப் பிடித்திருக்கும் சுண்ணச்சாந்தின் மீது ஏறி, நாளடைவில் கண் உள்ளே விழும். அஞ்சலில் அனுப்பும்போது குண்டு ஆடாதபடி தலைக்குள் மென்காகிதம் அடைக்க வேண்டும். மூக்கு நுனியில் எதுவும் அழுத்தாதபடி முகத்தைச் சுற்றிக் காகித வளையம் வைப்பது நல்ல பழக்கம்.

ஒன்பதாம் படி: பழுது

உடனடிப் பசை எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். உடைந்தால் சிறு துணுக்கு உட்பட எல்லாவற்றையும் பொறுக்கி, தனித்தனியாகச் சுற்றிவைத்து, பீங்கான் சீரமைப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். தேவைப்பட்டால் மறுபடி கரைத்து எடுக்கக்கூடிய பேரலாய்ட் பி-72 போன்ற பசையை அவர்கள் பயன்படுத்துவார்கள். முகத்தை மீண்டும் சூளையில் சுட்டு வண்ணம் பூசுவதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அதற்குப் பிறகு அது பழைய பொம்மை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கைகால்களை இணைக்கும் ரப்பர் நாடாவை மாற்றுவது. தலை நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். மிக இறுகினால் கழுத்துக்குழியில் பீங்கான் உரசிச் சில்லு பெயரும். குழியின் உட்புறம் மெல்லிய தோலை ஒட்டினால் உராய்வு குறையும்.

பத்தாம் படி: பதிவேடு

வாங்கிய அன்றே எழுதுங்கள்: எண், நாள், விற்றவர், விலை, அளவுகள், அச்சு எண், முத்திரையின் படம், விளக்கிட்டு எடுத்த படம், இருக்கும் குறைகள், செய்த பழுது. விற்றவர் சொன்ன கதையையும் எழுதுங்கள். ஆனால் "விற்றவர் கூறியது" என்று தனியாகக் குறியுங்கள், இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் அது உண்மையாகிவிடும். எண்ணைப் பொருளின்மேல் ஒட்டாமல், பருத்தி நாடாவில் எழுதி உடையின் உள்ளேயோ கணுக்காலிலோ கட்டுங்கள். பதிவேட்டின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். காப்பீடு எடுத்தால் மதிப்பீட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தச் சந்தையில் விலை ஏறுவதுபோலவே இறங்கவும் செய்கிறது.